கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்த பிறகு சுவர் சுவிட்சையும் அணைக்க வேண்டுமா?

பார்வதிபுரம்காரன் | வெள்ளி, இரவு 9.10

எங்கள் வீட்டில் ஒரு மாதமாக நடக்கும் வாக்குவாதம் இது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 71 வயது. ராத்திரி படுக்கப் போகும் முன் வீடு முழுக்க ஒரு சுற்று வருவார். கேஸ் ரெகுலேட்டர், தண்ணீர் மோட்டார், வாசல் தாழ்ப்பாள் எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் மேசைக்கு அடியில் குனிந்து கம்ப்யூட்டரின் சுவிட்சை அணைப்பார். நாங்கள் ஷட்டவுன் செய்து வைத்திருந்தாலும் அவருக்கு அது போதாது. "அந்தச் சின்ன விளக்கு எரியுதுல்லா, அப்போ கரண்ட் உள்ள இருக்குதுன்னு தானே அர்த்தம்" என்பார்.

மகன் பிளஸ் டூ படிக்கிறான். போன வாரம் கம்ப்யூட்டரைப் போட்டதும் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது. எஃப்1 அழுத்தச் சொன்னது. பேங்க் தளம் திறக்கவில்லை, இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று வந்தது. தாத்தா சுவிட்சை அணைப்பதால்தான் இப்படி, மதர்போர்டும் சீக்கிரம் போய்விடும் என்று அவன் அடித்துச் சொல்கிறான். கம்ப்யூட்டர் வாங்கி 7 வருடம் ஆகிறது.

அப்பா அசையவில்லை. போன ஐப்பசியில் பக்கத்து வீட்டில் ஒரே இடியில் டிவியும் மோடமும் சேர்ந்து போனது. அதைக் காட்டுகிறார். யார் சொல்வது சரி?

தக்கலைத் தம்பி | வெள்ளி, இரவு 9.48

அண்ணே, உங்கள் மகன் சொல்வதுதான் சரி. நான் ஐடி சப்போர்ட்டில் 9 வருடமாக இருக்கிறேன்.

1995-க்கு முன்னால் வந்த கம்ப்யூட்டர்களில் முன்பக்க பட்டன் நேரடியாக கரண்டையே வெட்டும் சுவிட்ச். விண்டோஸ் "இப்போது நீங்கள் அணைக்கலாம்" என்று திரையில் எழுதிக் காட்டும், நாம் கையால் அணைப்போம். 1995-ல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அமைப்பைக் கொண்டுவந்த பிறகு அந்த வேலையே மாறிவிட்டது. இப்போது ஷட்டவுன் கொடுத்தால் கம்ப்யூட்டர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ஆனால் எஸ்எம்பிஎஸ்சிலிருந்து (சுவர்க் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) 5 வோல்ட் மட்டும் மதர்போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பட்டனைத் தொட்டதும் எழுந்திருக்க அது வேண்டும். தேதி, நேரம் ஓடுவதும் அதில்தான். அதை வெட்டினால் போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி அந்த வேலையைச் செய்ய வேண்டும். தினமும் வெட்டினால் பேட்டரி தினமும் தேயும். தேதி பின்னால் போனதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று. ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் எஸ்எம்பிஎஸ்சில் காலியாக இருக்கும் பெரிய கப்பாசிட்டர்கள் ஒரே இழுப்பில் நிரம்பும். சுவிட்சுக்குள் டப் என்று ஒரு பொறி வருமே, அது அதனால்தான். தினமும் ஒரு பொறி என்றால் சுவிட்சின் முனைகள் கருகாமல் என்ன செய்யும்?

மிச்சமாகும் கரண்ட் எவ்வளவு என்று பார்த்தால் அதுவும் ஒன்றுமில்லை. 2013 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், அணைந்த நிலையில் வீட்டு, அலுவலகக் கருவிகள் 0.5 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. பெரிய கம்பெனிகள் உலகம் முழுக்க விற்பது பெரும்பாலும் அதே பொருள்தான். அரை வாட்டுக்காக 71 வயதில் ஒருவர் தினமும் மேசைக்கு அடியில் குனிய வேண்டுமா?

குளச்சல் சர்வீஸ் | வெள்ளி, இரவு 10.35

தம்பி சொன்ன 5 வோல்ட் கதை முழுக்க உண்மை. ஆனால் அவர் பார்ப்பது ஏசி அறையில், நல்ல யுபிஎஸ் வைத்து ஓடும் ஆபீஸ் கம்ப்யூட்டர்கள். நான் 18 வருடமாக குளச்சலில் கடை போட்டு வீட்டுக் கம்ப்யூட்டர்களைச் சரிசெய்கிறேன். என் மேசைக்கு வருவது வேறு.

ஐப்பசி, கார்த்திகையில் ஒரு இடிமழை பெய்த மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே ஆள் நிற்பார்கள். முக்கால்வாசிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "ஆஃப் பண்ணித்தான் வச்சிருந்தேன்." ஷட்டவுன் செய்திருப்பார்கள், சுவிட்ச் போட்டபடியே இருந்திருக்கும். கழற்றிப் பார்த்தால் எஸ்எம்பிஎஸ்சில் ஃபியூஸ் வெடித்துக் கண்ணாடி கறுத்திருக்கும். ஃபியூஸோடு போனால் அதிர்ஷ்டம். அந்த 5 வோல்ட்டைத் தயாரிக்கும் பகுதி போகும்போது சில நேரம் மதர்போர்டையும் கூடவே கொண்டுபோகும். அது 24 மணி நேரமும் விழித்திருக்கும் பகுதி, அதனால் முதல் அடி அதற்குத்தான்.

இப்போது கணக்குப் பாருங்கள். பட்டன் பேட்டரி ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும், மாற்ற இரண்டு நிமிடம். மதர்போர்டு போனால் ஆயிரக்கணக்கில். 7 வருடம் ஆன போர்டுக்குப் பொருத்தமான வேறு போர்டு கிடைக்காது. பிராசசர், ராம் எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டி வரும்.

பார்வதிபுரம் அண்ணே, உங்கள் பேட்டரிக்கு வயது 7. சுவிட்ச் போட்டே வைத்திருந்தாலும் இந்த நேரத்தில் போகக்கூடியதுதான். அப்பா மேல் பழி போட வேண்டாம். நாளைக்கே ஒரு பேட்டரி வாங்கிப் போடுங்கள்.

கடலோரத்துக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி வீடுகளில் வரும் எஸ்எம்பிஎஸ்சைத் திறந்தால் உள்ளே உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து ஒரு பிசுக்கு படிந்திருக்கும். ஆனி, ஆடி மழைக்காலத்தில் அந்தப் பிசுக்கு ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். ஈரத்தோடு உள்ளே எந்நேரமும் 230 வோல்ட் நின்றால் செம்புத் தடங்கள் பச்சையாகப் பூத்துப்போகும். அணைந்த போர்டில் இதே அரிப்பு ரொம்ப மெதுவாகத்தான் நடக்கும்.

தக்கலைத் தம்பி | வெள்ளி, இரவு 11.02

அண்ணே, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் கடைக்கு வருவது கெட்டுப்போனவை மட்டும்தான். சுவிட்ச் போட்டே வைத்து பத்து வருடம் ஓடும் கம்ப்யூட்டர்களை யாரும் உங்களிடம் தூக்கிக்கொண்டு வருவதில்லையே. தக்கலையில் எங்கள் வீட்டில் இருப்பது 8 வருடம் பழையது. சுவிட்சை அணைத்ததே இல்லை. இதுவரை எத்தனை ஐப்பசி போயிருக்கும்?

ஈரத்துக்கு நான் இதற்கு நேர் எதிராகக் கேள்விப்பட்டிருக்கிறேன். உள்ளே கொஞ்சம் கரண்ட் இருந்தால் அந்தச் சூட்டில் ஈரம் தங்காது என்பார்கள்.

குளச்சல் சர்வீஸ் | வெள்ளி, இரவு 11.15

நீங்களே அரை வாட் என்றீர்கள். அரை வாட் சூட்டில் ஒரு பெட்டி காயுமா தம்பி? அந்தச் சூட்டைத் தேடி எறும்பும் பல்லியும் எஸ்எம்பிஎஸ்சுக்குள் போய்க் கருகிக் கிடப்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

கணக்கு வாத்தியார் | சனி, காலை 6.20

மிச்சம் எவ்வளவு என்ற பேச்சு வந்ததால் எழுதுகிறேன். சாக்கெட்டில் செருகி வாட் பார்க்கும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். என் மேசையில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சுவிட்சை மட்டும் போட்டு அளந்தது இது: கம்ப்யூட்டர் 3 வாட், மானிட்டர் 0.5, பழைய ஸ்பீக்கர் செட் 5, யுபிஎஸ் 9. மொத்தம் 17.5 வாட்.

நான் ஒரு நாளில் 4 மணி நேரம்தான் உபயோகிக்கிறேன். மீதி 20 மணி நேரம். 17.5 வாட் 20 மணி நேரத்துக்கு 350 வாட்-மணி, அதாவது 0.35 யூனிட். இரண்டு மாத பில்லில் 60 நாளுக்கு 21 யூனிட்.

தம்பி சொன்னது ஓரளவு சரி. இதில் கம்ப்யூட்டரும் மானிட்டரும் தின்பது 4.2 யூனிட்தான். மீதி 16.8 யூனிட்டைத் தின்பது ஸ்பீக்கரும் யுபிஎஸ்சும். ஸ்பீக்கரில் பட்டனைத் திருகி அணைத்தாலும் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கு கரண்ட் போய்க்கொண்டே இருக்கிறது. கை வைத்தால் வெதுவெதுப்பு தெரியும். அரை வாட் விதி எல்லாம் புதுக் கருவிகளுக்கு. நம் வீட்டில் இருப்பது என்ன என்று அளந்தால்தான் தெரியும்.

21 யூனிட் பெரிதா? யூனிட்டுக்கு உத்தேசமாக 5 ரூபாய் வைத்தால் 105 ரூபாய். ஆனால் நம் ஊர் பில் நேர்க்கோட்டில் ஏறுவதில்லை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட் வரை ஒரு விலைப்பட்டியல், அதைத் தாண்டினால் கீழ் அடுக்குக்கும் வேறு விலை. 490-ல் நிற்க வேண்டிய வீடு 511-க்குப் போனால் அந்த 21 யூனிட்டின் விலை 105 ரூபாயோடு நிற்காது. ஃப்ரிட்ஜும் மோட்டாரும் ஒரு ஏசியும் இருக்கும் வீடு எல்லாம் இந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மீட்டர் ரீடிங் எடுக்க வரும் நாள் நெருங்கும்போது எங்கள் தெருவில் எல்லோரும் இதைத்தான் பேசுகிறோம்.

பட்டன் பேட்டரிக்கும் கணக்கு இருக்கிறது. சிஆர்2032-ன் கொள்ளளவு சுமார் 225 மில்லி ஆம்பியர்-மணி. கடிகாரச் சில்லு இழுப்பது சில மைக்ரோ ஆம்பியர்கள்தான். 5 என்று வைத்தால் 45,000 மணி நேரம், அதாவது 5 வருடத்துக்குக் கொஞ்சம் மேல். நாள் முழுக்க, வருடம் முழுக்க சுவிட்சை அணைத்தே வைத்தாலும் இந்தக் கணக்கு. தினமும் 4 மணி நேரம் ஓடினால் 6 வருடம். உங்கள் வீட்டுப் பேட்டரி 7 வருடம் உழைத்திருக்கிறது. உங்கள் மகனிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள், பிளஸ் டூ பையனுக்குப் புரியும்.

அருமனை அக்கா | சனி, காலை 11.30

நான் ஆன்லைன் விண்ணப்பம், ஜெராக்ஸ், பிரிண்ட் போடும் கடை நடத்துகிறேன். நீங்கள் எல்லோரும் கம்ப்யூட்டரை மட்டும் பேசுகிறீர்கள். சுவிட்சை அணைப்பதால் நான் பட்ட கஷ்டத்தையும் கேளுங்கள்.

கடையில் எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் இருந்தது. வேலைக்கு இருந்த பிள்ளை ராத்திரி கடை சாத்தும்போது ஷட்டவுன் கொடுத்துவிட்டு, திரை கறுத்ததும் மெயினை அணைத்துவிட்டுப் போய்விட்டாள். உள்ளே அப்டேட் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மறுநாள் விண்டோஸ் எழும்பவே இல்லை. ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கிய நேரம். கல்லூரிப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சரியாக்க இரண்டு நாள் ஆனது. திரை கறுப்பது வேறு, கம்ப்யூட்டர் அணைவது வேறு. ஃபேன் சத்தம் நின்று, முன்னால் இருக்கும் விளக்கு அணைந்த பிறகுதான் சுவிட்சில் கை வைக்க வேண்டும். இதை இப்போது அட்டையில் எழுதி போர்டுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

அடுத்தது பிரிண்டர். இங்க் டேங்க் பிரிண்டரைச் சுவரில் நேராக அணைத்தால் அதன் ஹெட் நடுவழியில் நின்றுவிடும், மூடிக்குள் போய் உட்காராது. காற்றில் இங்க் காய்ந்து அடைத்துக்கொள்ளும். முதலில் பிரிண்டரின் பட்டனால் அணைத்து, ஹெட் ஓரத்துக்குப் போகும் சத்தம் நின்ற பிறகு சுவிட்சை அணைக்கலாம். அதோடு ஒவ்வொரு முறை கரண்ட் வெட்டிப் போடும்போதும் அது ஹெட்டைக் கழுவ இங்க் செலவழிக்கிறது. நாளைக்கு ஐந்து தடவை பிரிண்டரை வெட்டிப் போடுகிறவர்களுக்கு மிச்சமாகும் கரண்ட் காசு இங்கிலேயே போய்விடும்.

யுபிஎஸ்சும் அப்படித்தான். சுவரில் மட்டும் அணைத்தால் அது கரண்ட் போய்விட்டது என்று நினைத்து பேட்டரியில் ஓடும், கீக் கீக் என்று கத்தும். கத்திக் கத்தி பேட்டரி தீர்ந்துபோகும். அம்மாவுக்கு ஆபரேஷன் என்று ஒரு மாதம் கடையைப் பூட்டிய நேரத்தில் இப்படி விட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து பார்த்தால் பேட்டரி வயிறு உப்பிக் கிடந்தது.

அதனால் நான் இப்போது கம்ப்யூட்டரை தினமும் சுவரில் அணைக்கிறேன். பிரிண்டரை ராத்திரி ஒரு முறை மட்டும். யுபிஎஸ்சுக்குத் தனிச் சுவிட்ச் வைத்து, இடிமழைக் காலம் தவிர மற்ற நாளில் போட்டே விடுகிறேன். வாத்தியார் சார் சொன்ன 9 வாட் போனால் போகட்டும்.

பழைய லைன்மேன் | சனி, மாலை 4.05

மின் வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவன். இந்த விவாதத்தில் இரண்டு வேறு ஆபத்துகளைப் போட்டுக் குழப்புகிறீர்கள். சுவர் சுவிட்ச் ஒன்றைத் தடுக்கும், இன்னொன்றைத் தடுக்காது.

முதலாவது, வோல்டேஜ் ஏறுவது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் லைன் எல்லாம் தென்னைக்கும் ரப்பருக்கும் இடையில்தான் போகிறது. காற்றடித்தால் தென்னை மட்டை விழும். மட்டை விழுந்து நியூட்ரல் கம்பி (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) அறுந்தால் என்ன ஆகும் தெரியுமா? ஒரு பேஸுக்கும் (கரண்ட் வரும் கம்பி) நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். இரண்டு பேஸுக்கு நடுவே 400. நியூட்ரல் போய்விட்டால் தெருவில் வெவ்வேறு பேஸில் இருக்கும் வீடுகள் அந்த 400-ஐத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். அதிக லோடு ஓடும் வீட்டுக்குக் குறைவாகவும், ஒன்றிரண்டு விளக்கு மட்டும் எரியும் வீட்டுக்கு அதிகமாகவும் போகும். அந்த வீட்டில் போட்டு வைத்த எல்லாம் புகையும். 2017 நவம்பர் 30-ல் ஓகி புயல் அடித்தபோது கம்பங்கள் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்று எல்லோரும் பார்த்தோம். நாள் கணக்கில் கரண்ட் இல்லை. லைனைத் திரும்பக் கொடுக்கும்போது வீடு வீடாகப் போய் எல்லாச் சுவிட்சையும் அணைத்து வையுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினோம். இந்த ஆபத்துக்குச் சுவர் சுவிட்ச் போதும். பேஸ் வெட்டுப்பட்டால் உள்ளே ஒன்றும் போகாது.

இரண்டாவது மின்னல். இதற்குச் சுவர் சுவிட்சை நம்பாதீர்கள். காரணம் இரண்டு. நம் வீட்டுச் சுவிட்ச் பேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரலும் எர்த்தும் கம்ப்யூட்டரோடு தொடர்பிலேயே இருக்கும், மின்னல் அந்த வழியாகவும் வரும். அடுத்தது, சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் காற்றைத் தாண்ட சுமார் 3,000 வோல்ட் இருந்தால் போதும். பக்கத்தில் எங்காவது லைனில் மின்னல் இறங்கினால் அதைவிடப் பல மடங்கு வரும். உங்கள் வீட்டின் மேல் விழ வேண்டிய அவசியமே இல்லை. பிளக்கை உருவி, சாக்கெட்டை விட்டு ஒரு முழம் தள்ளி வைப்பது ஒன்றுதான் வழி.

ஆனால் எப்போது உருவுவது என்பது முக்கியம். இடி தலைக்கு மேல் வந்த பிறகு ஓடிப்போய்ப் பிளக்கில் கை வைக்காதீர்கள். அந்த நேரத்தில் வயரில் ஏறி வருவது உங்கள் கை வழியாக இறங்கும். பொருள் போனால் போகட்டும், தள்ளி நில்லுங்கள். பக்கத்தில் கேரளத்தில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை மின்னலுக்குக் கவனமாக இருக்கச் சொல்கிறார்கள். நமக்கும் அதே மேகம்தான். காலையில் வெயில் சுள்ளென்று அடித்து, மத்தியானம் மலைப்பக்கம் கறுத்தால் அப்போதே உருவி வைத்துவிட வேண்டும். பார்வதிபுரம் தம்பியின் அப்பா தினமும் செய்கிறாரே, அது அதனால்தான் நல்ல பழக்கம். இடி வரும் நேரத்தில் அவர் ஓட வேண்டியதில்லை.

குளச்சல் சர்வீஸ் | சனி, மாலை 4.40

லைன்மேன் அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நெட் கேபிளையும் உருவுங்கள். பிளக்கை உருவி வைத்தும் போர்டு போன கேஸ்கள் எனக்கு வருகின்றன. பார்த்தால் எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கும், லேன் வயர் செருகும் இடம் மட்டும் கறுத்திருக்கும். வெளியிலிருந்து வரும் ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் வராது. ஆனால் மோடத்தின் அடாப்டர் சுவரில்தான் இருக்கிறது, மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்குப் போவது செம்பு வயர். அடி அந்த வழியாக வருகிறது. மோடத்தையும் சேர்த்து உருவ வேண்டும், அல்லது வைஃபையில் ஓட்ட வேண்டும்.

தக்கலைத் தம்பி | சனி, இரவு 8.15

லைன்மேன் சார், நியூட்ரல் அறுந்தால் வோல்டேஜ் ஏறும் என்பது எனக்கு இதுவரை தெரியாது. நன்றி. அக்கா, பிரிண்டர் விஷயமும் பலருக்குத் தெரியாதது.

அப்படியும், எல்லோருக்கும் ஒரே விதி சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் பெங்களூரில் இருக்கும் நாட்களில் தக்கலை வீட்டுக் கம்ப்யூட்டரை இங்கிருந்தே எழுப்பி வேலை செய்வேன். நெட் வழியாகக் கம்ப்யூட்டரை எழுப்ப அந்த 5 வோல்ட் இருந்தே ஆக வேண்டும். ராத்திரியில் பேக்கப் ஓடுகிறது. சுவிட்சை அணைத்தால் எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் இருந்தும் பிரயோஜனமில்லை. அதனால் சர்ஜ் புரொடெக்டர் (திடீரென்று ஏறும் வோல்டேஜைத் தடுக்கும் கருவி) உள்ள போர்டு வாங்கி வைத்திருக்கிறேன். அதை நம்பித்தான் 8 வருடம் ஓடுகிறது.

வாத்தியார் சார், யூனிட் கணக்கு சரி. ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தலில் இத்தனை காற்றாலை சுற்றும் மாவட்டத்தில் என் 3 வாட்டால் யாருக்கு நஷ்டம்?

கணக்கு வாத்தியார் | சனி, இரவு 9.00

முப்பந்தலில் காற்று பலமாக வீசுவது வைகாசி முதல் ஆவணி, புரட்டாசி வரை. நாம் பேசுவது ஐப்பசி. இப்போது காற்று குறைந்துவிட்டது. உங்கள் வீட்டுக்கு வருவது மொத்த மின்கட்டமைப்பிலிருந்து. அதில் தூத்துக்குடியில் நிலக்கரி எரித்து எடுப்பதும் உண்டு. 1 வாட் ஒரு வருடம் ஓடினால் 8.76 யூனிட். ஒரு வீட்டுக்கு அது சிறிதுதான். மாவட்டத்தில் எத்தனை வீட்டில் டிவி, செட் டாப் பாக்ஸ், மோடம், கம்ப்யூட்டர் இப்படி விழித்துக் கிடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். உங்களுக்கு வேலைக்கு வேண்டும், வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது யாருக்கும் உபயோகம் இல்லாமல் எரிவதைப் பற்றி.

பழைய லைன்மேன் | சனி, இரவு 9.25

தக்கலைத் தம்பி, அந்த சர்ஜ் புரொடெக்டருக்குள் இருக்கும் வில்லை ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். 8 வருடம் கழித்து உள்ளே வில்லை உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பலவற்றில் அதற்கென்று ஒரு சின்ன விளக்கு இருக்கும். அது அணைந்திருந்தால் உங்களிடம் இருப்பது வெறும் எக்ஸ்டென்ஷன் போர்டு. எர்த் இல்லாத சாக்கெட்டில் செருகினாலும் பாதுகாப்பு பாதிதான். கடலோரத்தில் எர்த் பைப் உப்பில் துருப்பிடித்து மண்ணுக்குள்ளேயே ஒடிந்து கிடக்கும். தக்கலைப் பக்கம் செம்மண் கோடையில் காய்ந்துபோய் எர்த் வேலை செய்யாது. நீங்கள் சுவிட்சைப் போட்டே வைப்பதாக இருந்தால் மெயின் போர்டிலும் ஒரு சர்ஜ் கருவி வைத்து, எர்த்தை அளந்து பாருங்கள். வீட்டில் யாருமே இல்லை, வளைகுடாவில் இருக்கிறார்கள், பூட்டிய வீடு என்றால் கட்டாயம் மெயினையே அணைத்துவிட்டுப் போக வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

தக்கலைத் தம்பி | சனி, இரவு 9.50

விளக்கு அணைந்துதான் இருக்கிறதாம் சார். அம்மாவை போனில் பார்க்கச் சொன்னேன். எப்போது அணைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. புதிது வாங்குகிறேன், எர்த்தையும் பார்க்கச் சொல்கிறேன். ஆனாலும் கம்ப்யூட்டர் போட்டபடிதான் இருக்கும்.

பார்வதிபுரம்காரன் | ஞாயிறு, காலை 10.20

எல்லோருக்கும் நன்றி. பேட்டரி மாற்றிவிட்டேன், தேதி சரியாகிவிட்டது. மகனிடம் வாத்தியார் சாரின் கணக்கைக் காட்டினேன். அவனே போட்டுப் பார்த்து ஒப்புக்கொண்டான்.

இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. சுவிட்ச் பேஸை வெட்டும் என்று லைன்மேன் சார் எழுதியதால், கம்ப்யூட்டர் சாக்கெட்டில் பிளக்கை உருவிவிட்டு, சுவிட்சை அணைத்துவிட்டு டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். அணைத்த பிறகும் ஒரு ஓட்டையில் டெஸ்டர் எரிகிறது. ஹாலில் டிவி சாக்கெட்டில் இதே மாதிரி பார்த்தேன், அங்கே எரியவில்லை. இது சரியா?

பழைய லைன்மேன் | ஞாயிறு, காலை 10.45

சரியில்லை. அந்த போர்டில் பேஸும் நியூட்ரலும் மாறிக் கிடக்கிறது. சுவிட்ச் நியூட்ரலை வெட்டுகிறது. கம்ப்யூட்டர் அணைந்த மாதிரி இருக்கும், ஆனால் பேஸ் நேராக உள்ளே நின்றுகொண்டே இருக்கும். எர்த் மேலே இருக்கும்படி சாக்கெட்டை நேராகப் பார்த்தால் வலது பக்கம் பேஸ் வர வேண்டும், சுவிட்சை அணைத்தால் எந்த ஓட்டையிலும் டெஸ்டர் எரியக் கூடாது. அந்த போர்டைப் பிற்பாடு சேர்த்தீர்களா?

நீங்களே கழற்ற வேண்டாம். மெயினை அணைத்து லைசென்ஸ் உள்ள ஒயர்மேனை வைத்து மாற்றுங்கள். அது வரைக்கும் சுவிட்சை நம்பாமல் பிளக்கையே உருவுங்கள். அந்த வரிசையில் வேறு சாக்கெட் இருந்தால் எல்லாவற்றையும் பாருங்கள். முக்கியமாக கிரைண்டர், வாஷிங் மெஷின் போடும் இடம்.

பார்வதிபுரம்காரன் | ஞாயிறு, பகல் 12.30

ஆமாம் சார், மகன் பத்தாவது படிக்கும்போது அந்த அறைக்கு மேசை போட்டு போர்டு சேர்த்தோம். வாஷிங் மெஷின் சாக்கெட் சரியாக இருக்கிறது, பார்த்துவிட்டேன். மோட்டார் போர்டை நான் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒயர்மேன் வருகிறார். சாக்கெட்டை மேசைக்கு மேலே, அப்பாவின் இடுப்பு உயரத்துக்கு ஏற்றச் சொல்லியிருக்கிறேன். அப்பாவிடம் இந்த விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ ரெண்டு வருஷமா நான் அணைச்சது?" என்று கேட்டார். இன்று பகலிலிருந்து பிளக்கையும் நெட் வயரையும் மகன்தான் உருவி வைக்கிறான்.